முன்னறிவும் மண்சரிவும்



தேயிலைத் தோட்டத்தில் திடீர்ச் சாவு விழுந்த வீட்டில் ஊழியர்களாகிய நம்மிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கடவுளுக்கு முன்னாடியே தெரியுந்தானே ஐயா?" இலங்கை மலையகத்தின் உடப்புசல்லாவைக்கு ஊழியத்துக்கு வந்த புதிதில் இதற்கு நான் சொன்ன பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. "தெரியும். அவர் குறித்த நாள் வந்துவிட்டது" என்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் தலையசைத்தார். "அப்ப எல்லாம் தலையெழுத்துத்தான்" என்றார். நான் வேதம் சொன்னதாக நினைத்தேன். அவர் விதியைக் கேட்டுக்கொண்டு போனார். பிழை அவருடையதல்ல. அறிவதையும் ஆணையிடுவதையும் ஒன்றாகக் குழைத்துக் கொடுத்தவன் நான்.

ரோமர் 8:29இல் பவுல் முன்னறிதல், முன்குறித்தல் என்று இரண்டு வினைகளை அடுத்தடுத்து வைக்கிறார். நம் பிரசங்கங்களில் அவை ஒன்றாகிவிடுகின்றன. நடந்ததை நாம் நினைவில் வைத்திருப்பதால் அது நம்மால் நடந்ததாகாது. அதுபோலவே கடவுள் முன்னறிவதும் நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை என்றார் அகஸ்தீன். ஆறாம் நூற்றாண்டில் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் எழுதிய போவேத்தியுஸ், கடவுளுக்கு முன், பின் என்பதே இல்லை, எல்லாக் காலமும் அவர்முன் ஒரே பார்வையில் நிற்கிறது என்றார். தோமா அக்குவினா அதற்கு ஓர் உவமை தந்தார்: பாதையில் நடப்பவன் தனக்குப் பின்னால் வருபவர்களைக் காண்பதில்லை, உயரத்தில் நிற்பவன் எல்லோரையும் ஒருங்கே காண்கிறான். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேல் மலையில் கொழுந்து பறிப்பவளுக்குக் கீழே எந்த முடக்கில் பஸ் வருகிறது என்று தெரியும். அவள் பார்ப்பதால் பஸ் திரும்புவதில்லை.

ஆனால் இந்த உவமையைத் தோட்டத்தில் சொல்லும்போது கவனம் வேண்டும். மேலே நின்று பார்ப்பவனுக்கு நம் மக்களின் நினைவில் வேறொரு பெயர் உண்டு: வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி. அவன் பார்வை, அன்றைய வேலைக்குப் பேர் போடுகிற, பேர் வெட்டுகிற பார்வை. நம் பழைய வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரம் திருச்சபைத் தலைவனையும் 'கண்காணி' என்றே அழைக்கிறது. பார்ப்பதே ஆள்வது என்று ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகப் பழகிய காதில் "கடவுள் எல்லாம் பார்க்கிறார்" என்பது எப்படி விழும்? ஆகவே யாத்திராகமம் 3ஐச் சேர்த்தே சொல்லுங்கள். அங்கே கடவுள் அடிமைகளின் துயரைப் பார்க்கிறார். பார்த்து இறங்கி வருகிறார். பார்வோன் விடமாட்டான் என்று அறிந்தும் மோசேயை அனுப்புகிறார். மோசே தயங்கவும் மறுத்துப் பேசவும் இடம் விடுகிறார்.

அறிவது வேறு, நடத்துவது வேறு என்பதை நம் மலைகளிலும் கண்டோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம் மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. மண்ணை ஆராய்ந்தவர்கள் முன்னறிந்தார்கள். அவர்கள் அறிந்ததால் மலை சரியவில்லை. அறிந்த பிறகும் செய்யக்கூடியது இருந்தது, அது செய்யப்படவில்லை. முன்னறிவும் மனித சித்தமும் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் நம் மலைகளில் இல்லை.

அந்தப் பிரேதக்குழிகளின் அருகே இரண்டு பேச்சுகள் எழுந்தன. "கடவுள் சித்தம்" என்பது ஒன்று. "போகச் சொன்னார்கள், இவர்கள்தான் போகவில்லை" என்பது மற்றொன்று. முதலாவது மனித சித்தத்தை அழிக்கிறது. இரண்டாவது அதை, தெரிவு மிகக் குறைவாக இருந்தவர்கள் தலையில் சுமத்துகிறது. பிள்ளைகளோடும் சாமான்களோடும் எங்கே போவது? லயக் காம்பராவும் சொந்தமில்லை, போய்க் குடியேறத் துண்டு நிலமும் இல்லை. சுயாதீன சித்தத்தைப் பற்றிப் போதிக்கும் நாம், எவருக்கு எவ்வளவு தெரிவு இருந்தது என்று கேட்காமல் போதிக்கலாகாது. நிலம் ஒதுக்கக்கூடிய கைகளும் சித்தமுள்ள கைகளே. கணக்கு அங்கேயும் கேட்கப்படும்.

எச்சரிக்கை எதற்காக என்று காட்டும் 1 சாமுவேல் 23ஐ இந்த ஆண்டு உங்கள் வேதபாடத்தில் சேர்க்கும்படி வேண்டுகிறேன். தன்னைத் துரத்தும் சவுல் வருவானா, தான் தங்கியிருக்கும் கேகிலா ஊரார் தன்னைக் காட்டிக்கொடுப்பார்களா என்று தாவீது கேட்கிறான். இரண்டுக்கும் ஆம் என்கிறார் கடவுள். தாவீது ஏறக்குறைய அறுநூறு பேரோடு ஊரை விட்டு வெளியேறுகிறான். சவுல் வரவில்லை, யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இன்ன நிலையில் இன்னார் சுயமாக என்ன செய்வார் என்பதையும் கடவுள் அறிவார் என்று 1588இல் லூயிஸ் தெ மோலினா எழுதிய நூலின் வாதத்துக்கு இப்பகுதி ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுகிறது. கல்வீனின் வழி வருபவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். வெஸ்லியின் வழி வருபவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் பல சபைகளின் மாணவர்கள் ஒன்றாய் அமர்ந்து கற்கிறார்கள். அந்த விவாதம் அங்கே தொடரட்டும். ஆனால் எந்தப் பள்ளியும் மறுக்க முடியாத ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது: கடவுள் தாம் அறிந்ததைச் சொன்னது தாவீது பிழைப்பதற்காக.

எந்த எச்சரிக்கையும் வராத சாவுகள் உண்டு. அங்கே இந்த உபதேசம் விடையாகாது. லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசுவும் கண்ணீர் விட்டார். முடிவை அறிந்தவரே அழுதார் என்றால், அறியாத நாம் விளக்கம் சொல்ல அவசரப்பட வேண்டாம். அந்தச் சாவு வீட்டுத் திண்ணையில் அவர்களோடு உட்கார்ந்திருப்பது போதும்.

எச்சரிக்கை வரும் இடத்தில் நம் வேலை வேறு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் மலையகம் மறுபடியும் சரிந்ததைக் கண்டோம். அடுத்த மழைக்காலத்தில் மண்சரிவு அறிவித்தல் உங்கள் பிரதேசத்துக்கு வந்தால், ஞாயிறு ஆராதனையின் அறிவிப்புகளில் அதை முதலில் வாசியுங்கள். ஆலயக் கதவைத் திறந்துவைத்து, பாதுகாப்பான இடமானால் பாய் விரித்து வையுங்கள். கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் யார் தூக்கி வருவது என்று முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள். மழை விட்ட பிறகு, நிலம் கேட்டு அந்த மக்கள் போகும் அலுவலகத்துக்கு நீங்களும் கூடப் போங்கள்.

அந்தப் பெரியவர் இன்று என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன்: "தெரியும் ஐயா. தெரிந்ததால்தான் நம்மை எழும்பச் சொல்கிறார்."