துணி மாற்றினால் மேசை திருந்துமா?

நமது சங்க மண்டபத்தின் பின்னறையிலுள்ள பில்லியட்ஸ் மேசையைப் பற்றி இந்த யூபிலி ஆண்டில் பலமுறை பேசப்பட்டுவிட்டது. அதனை விற்றுவிடுக என்பார் சிலர். கிழிந்த பச்சைத்துணியை மாத்திரம் மாற்றி, விழாவுக்கு வருவோர் கண்டு மகிழ நிறுத்துக என்பார் பலர். இவ்விரண்டும் தவறென்பது என் கருத்து. முன்னதினும் பின்னதே பெருந்தவறு என்று யான் கூறின் அன்பர்கள் வியப்படையலாம்.

12 அடி நீளமும் 6 அடி அகலமுமுள்ள அதனைத் துணி போர்த்த மரமேசை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. முற்காலத்தில் மரத்தளமே இருந்தது. மரம் ஈரத்தில் நெளிந்து பந்தைத் திசை திருப்பியமையால், 1826ஆம் ஆண்டில் இலண்டனிலே ஜோன் தேர்ஸ்ரன் என்னும் மேசை வினைஞர் கற்பலகைத் தளத்தைப் புகுத்தினார். முழு அளவு மேசையின் தளம் இன்றும் ஐந்து கற்பலகைகளை அருகருகே பொருத்தி அமைப்பதேயாகும். மேசை முழுவதும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. அதனைத் தாங்கும் எட்டுக் கால்களுள் ஒன்றின் கீழ் நிலம் நூலளவு தாழினும் கல்லும் உடன் தாழும். மெல்ல உருளும் பந்து அதனை மறையாது காட்டிவிடும்.

முன்னொருமுறை நாம் செய்த பிழையை இங்குக் கூறுதல் தகும். அப்பொழுதும் துணி கிழிந்தது. வேலைக்கு வந்த முதியவர் இரசமட்டத்தை வைத்துப் பார்த்து, “ஐயா, நிலம் இறங்கியிருக்கிறது, முதலில் கல்லைச் சரிசெய்ய வேண்டும்” என்றார். நாமோ செலவுக்கஞ்சித் துணியொன்றே போதும் என்றோம். அம்முடிவுக்குக் கையுயர்த்தியோருள் யானும் ஒருவன். புதுத்துணி கண்ணுக்கு இனிதாயிருந்தது. பந்து இடப்புறப் பையை நோக்கி வளைந்தது. அந்த வளைவைக் கணக்கிட்டு ஆடவே நம் இளைஞர் பழகினர். வெளியூர் மேசையொன்றில் ஆடச் சென்றபோது, நேராக ஓடிய பந்தே அவர்களை ஏமாற்றியது. அவர்கள் தோற்றுத் திரும்பினர். குறை அவர்கள் கையிலிருக்கவில்லை.

ஆகையால் வேலையின் ஒழுங்கு பற்றியே யான் வற்புறுத்துகின்றேன். துணியைக் கழற்றியவுடன் ஐந்து கற்களையும் நெடுக்கும் குறுக்குமாக மட்டம் பார்த்து, கால்களை உயர்த்தியும் தாழ்த்தியும் சமன்செய்தல் வேண்டும். கற்கள் கூடுமிடங்களைப் பாரிசுச் சாந்தால் நிரப்பி, காய்ந்தபின் விரலுக்குத் தட்டாதபடி சுரண்டி வழவழப்பாக்கல் வேண்டும். இங்கு விடப்படும் மணல் போன்ற ஒரு துகளும் பின்னர்த் துணியைக் கீழிருந்தே அறுக்கும். அடுத்து, பந்து மோதித் திரும்பும் ஓரத்து இறப்பரைச் சோதித்தல் வேண்டும். இறப்பர் விளையும் நாட்டிலிருந்தும் அது முதுமையில் இறுகும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்! இறுகிய ஓரத்திற்குப் புதுத்துணி சுற்றுவதாற் பயன் யாது?

இவையெல்லாம் முடிந்த பின்னரே துணிக்கு முறை வரும். அக்கம்பளித்துணிக்குப் பூனையின் முதுகுபோல ஒரு போக்கு உண்டு. ஒருபக்கமாகத் தடவின் வழுக்கும், மறுபக்கமாகத் தடவின் தடுக்கும். ஆட்டந் தொடங்கும் முனையிலிருந்து எதிர்முனையை நோக்கி அப்போக்கு அமைதல் வேண்டும். அதனால், தேய்ந்த துணியைப் புரட்டி விரிக்கலாமென்ற நம் பொருளாளரின் சிக்கன யோசனை பலியாது. சுருக்கமின்றி நன்கு இழுத்து ஆணியடித்துப் பைகளினருகே வெட்டுதல் பழகிய கைக்குரிய வேலை. பின்னர்த் தூரிகையால் துடைப்பதும், அளவான சூட்டுடன் இஸ்திரிக்கைப் பெட்டியை ஓட்டுவதும் அதே போக்கிலேயே நடைபெறல் வேண்டும். துடைக்கப்படாத வெண்கட்டித் தூள் துணியைத் தின்றுவிடும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு ஆகாது என்று முகஞ்சுளிக்கும் பெரியோரும் உளர். இலங்கைக்கு ஓர் உலகப் பட்டத்தைத் தேடித் தந்தது இவ்விளையாட்டே. 1973ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் எம். ஜே. எம். லாபீர் வாகை சூடினார். ஒரு பந்தைத் தொடுமுன் அதன் மூன்று திருப்பங்களையும் மனத்தாற் காணப் பழகுவது கேத்திரகணிதம் பயில்வோனுக்குக் கேடு விளைக்கும் என்று யான் நம்பவில்லை.

விற்பது பற்றியும் ஒரு சொல். கல் தேய்வதில்லை. நம் மேசையின் ஐந்து கற்களுள் எதுவும் உடையவில்லை என்பதை யானே குனிந்து பார்த்தேன். இறப்பரும் துணியும் அழிவன, அவற்றை மாற்றலாம். இத்தகைய கற்களைப் புதிதாக வருவிக்கப் புகின், கப்பற்கூலி கேட்டே செயற்குழு கலைந்துவிடும்.

செயற்குழுவினரை யான் வேண்டுவது இது: துணிக்கு ஓலை எழுதுமுன், நிலத்தின் தாழ்வை அளந்து அதன் செலவை முதலில் மதிப்பிடுக. விழா நாளுக்குள் வேலை முடியாவிடின் மேசை திறந்தபடியே கிடக்கட்டும். கற்களை மாணவர் வந்து பார்க்கட்டும். கழற்றும் பழந்துணியை எறிந்துவிடாது கீழ்ப்பள்ளிக்கு அனுப்புக. கரும்பலகை துடைக்க அதனினும் நல்ல துணி கிடையாது.