பம்பின் பலம் மட்டும் பார்த்தால் போதுமா?

நாம் மூச்சு விடுவது பலூன் ஊதுகிற மாதிரி இல்லை. மார்பு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தானாக நுழைகிறது. அவ்வளவுதான்!

மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு இதே வேலையை வெளியிலிருந்து செய்து தருபவைதான் 'நெகட்டிவ் பிரஷர்' கருவிகள். "இதுல எந்த பம்ப் டாக்டர் பெஸ்ட்?" என்று கேட்டால், எது பலமாக இழுக்கிறது என்றுதான் பலரும் பார்ப்பார்கள். அது மட்டும் போதாது என்பேன் நான்.

1928-ல் அமெரிக்காவில் டிரிங்கர், ஷா இருவரும் 'இரும்பு நுரையீரல்' செய்தார்கள். தலை மட்டும் வெளியே, உடம்பு பெட்டிக்குள். பாஸ்டனில் போலியோவால் மூச்சு நின்றுபோகும் நிலையில் இருந்த ஒரு சிறுமியை அதில் வைத்ததும், கொஞ்ச நேரத்திலேயே தெளிந்தாள். ஆனால் சில நாட்களில் நிமோனியா அவளைக் கொண்டுபோய்விட்டது.

பெட்டி நன்றாகக் காற்றை இழுக்கும். ஆனால் நோயாளிக்கு ஊசி போட, உடம்பு துடைக்க நர்ஸ் படும் பாடு கொஞ்சமல்ல. அதனால் ஆமை ஓடு மாதிரி மார்பை மட்டும் மூடும் கவசக் கருவி வந்தது. மற்ற இடமெல்லாம் கைக்கு எட்டும், சௌகரியம்தான். ஆனால் ஓரத்தில் காற்று கசியும். பெட்டி தருகிற அளவு மூச்சு இதில் கிடைக்காது.

1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ தாண்டவமாடியது. அங்கிருந்த மருத்துவமனையில் ஒரு பெட்டி, ஆறு கவசங்கள். மூச்சு முடங்கிய முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். பம்ப் ரிப்பேரா? இல்லீங்க! பலருக்கும் தொண்டையும் சேர்ந்து முடங்கியிருந்தது. விழுங்க முடியாத எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கியது. பம்பைப் பலமாக இழுக்க வைத்தால் அது சரியாகிவிடுமா? இப்சன் என்ற டாக்டர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார். மாணவர்கள் ஷிப்ட் போட்டு கையாலேயே அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது.

இன்னொன்று கரண்ட். 2008-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், இரும்பு நுரையீரலில் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த ஒரு பெண்மணி, கரண்ட் போய், ஜெனரேட்டரும் கைகொடுக்காததால் இறந்துபோனார். வீட்டார் கையால் இயக்கிப் பார்த்தும் பலனில்லை. அத்தனை வருடம் நன்றாக உழைத்த பம்ப்தான் அது!

இன்று வீடுகளில் பெரும்பாலும் முகத்தில் மாஸ்க் வைத்துக் காற்றைத் தள்ளும் கருவிகள்தான். ஆனால் கேள்விகள் மாறவில்லை. தசை நோயால் அவதிப்படும் ஒருவருக்காக உங்கள் வீட்டுக்கு மூச்சுக் கருவி வருகிறதா? விற்பவர் நம்பர்களை அடுக்கும்போது மயங்கிவிடாதீர்கள். டாக்டரிடம் இந்த நான்கையும் கேளுங்கள்:

ஒவ்வொரு மூச்சுக்கும் போதுமான காற்று இவருக்குள் போகிறதா, ஓரத்தில் கசிகிறதா?

இவரால் விழுங்க, இருமிச் சளியை வெளியேற்ற முடிகிறதா? முடியாவிட்டால் என்ன ஏற்பாடு?

கரண்ட் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்? அதுவும் தீர்ந்தால்?

ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் வீட்டில் யாருக்கு இயக்கத் தெரியும்?

கடைசிக் கேள்விக்கு ஒருவர் பெயரைச் சொன்னால் போதாது. குறைந்தது இரண்டு பேராவது, கருவி வீட்டுக்கு வரும் முன்பே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள்.