நிருபரைத் திருத்தும் திட்டங்கள்

இதழியல் சரிந்ததற்கு இதழாளரின் பயிற்சிக் குறைவே காரணம் என்று சக ஏடொன்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. தரவு இதழியல், உண்மை சரிபார்ப்பு, செல்போன் ஒளிப்பதிவு என்று பட்டறைகளின் பட்டியலும் தந்திருக்கிறது. இதை நாங்கள் முழுமையாக மறுக்கிறோம்.

பகுதிநேர நிருபர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். எந்தக் குவாரிக்காரரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே நிருபர் விளம்பரம் கேட்டு நிற்கிறார். அவருக்கு எக்செல் கற்றுத் தாருங்கள், நல்லதுதான். கற்றதை அச்சேற்ற அவருக்கு யார் துணை?

நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையிலான முதல் பத்திரிகைக் கமிஷன் 1954இலேயே சம்பளம், பணிப் பாதுகாப்பு, உடைமை மூன்றையும் சேர்த்தே பார்த்தது. ஊடகக் கொள்கை ஆய்வு என்றால் எங்களுக்கு இன்றும் அதுதான். அதிலும் அந்த விலை–பக்க அட்டவணை! விளம்பரப் பணத்தின் பலத்தில் பெரிய பத்திரிகை அடக்க விலைக்கும் கீழே பக்கங்களை அள்ளித் தருகிறது. சிறியது தாக்குப்பிடிக்க முடியாமல் சாகிறது. ஆகவே இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு விலை என்று வரையறுக்கச் சொன்னது கமிஷன். 1956இல் சட்டமும் வந்தது. மராட்டிய நாளிதழ் ஒன்று தொடுத்த வழக்கில், பத்திரிகையின் பரவலும் கருத்துரிமையின் பகுதியே என்று சொல்லி 1961இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. எங்களுக்கு இது இன்றும் ஒப்பவில்லை. சிறு ஏடு கடைக்கே வராமல் ஒழிவதும் கருத்துரிமை இழப்புதானே? அந்த இழப்பை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

இதழாளர்களுக்கென 1955இல் வந்த சட்டப்படி, ஆட்குறைப்பில் இதழாளரை நீக்க மூன்று மாத நோட்டீஸ் வேண்டியிருந்தது, ஆசிரியரை நீக்க ஆறு மாதம். ஒப்பந்த முறை வந்ததும் அது பேச்சிலிருந்தே போய்விட்டது. காசுக்குச் செய்தி பற்றி 2010இல் பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு எழுதிய 71 பக்க அறிக்கையை அந்தக் கவுன்சிலே சுருக்கித்தான் வெளியிட்டது. முழு வடிவம் வெளிவர மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆய்வுக்குப் பஞ்சமில்லை. அதைப் படிக்க வேண்டியவர்கள் முதலாளிகள். அவர்களுக்குப் பட்டறை நடத்த ஒருவரும் முன்வருவதில்லை.

இதில் சிற்றிதழ்களுக்கும் பங்குண்டு. மணிக்கொடி இதழைத் தொடங்கிய கே. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவருமே பத்திரிகைக்காரர்கள். நம் சிற்றிதழ் உலகம் மணிக்கொடியின் சிறுகதையை மட்டும் எடுத்துக்கொண்டு, செய்தித்தாளைத் தீண்டத்தகாததாக்கிவிட்டது. பின்னாளில் தாம் ஆசிரியராயிருந்த நாளிதழின் முதலாளியோடு முரண்பட்டுச் சொக்கலிங்கம் வேலையை விட்டபோது, அவரோடு புதுமைப்பித்தனும் வெளியேறினார். இதை இலக்கிய வரலாற்றின் ஓரக் குறிப்பாக ஒதுக்கிவைத்தது பெரும் தவறு. ஊடக உடைமை பற்றிச் சிற்றிதழ்கள் தொடர்ந்து எழுதாததும் அந்தத் தவறின் நீட்சியே.

பட்டறை நடத்துவோரிடம் ஒன்று கேட்கிறோம். உங்களிடம் பயின்றவர்களில் எத்தனை பேர் நியமன உத்தரவோடு வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் எழுதியது ஆசிரியர் மேசையோடு நின்றுபோனது என்று விசாரித்து, பெயர்களை மறைத்தே எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.