சுருக்கம் குற்றமா?

பாடசாலைச் சீருடையில் அழுக்கு இருக்கக் கூடாது என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். பொத்தான் அறுந்திருக்கக் கூடாது, தையல் பிரிந்திருக்கக் கூடாது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் சுருக்கம் இருக்கக் கூடாது என்பதை, அதுவும் மே தொடங்கிச் செப்டெம்பர் வரையான மாதங்களில், அதுவும் இந்த மலைநாட்டில், என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் எங்கள் காலநிலையைப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் அதைவிடத் தாழ்வு என்றாலும் 1,200 மீற்றருக்கு மேல். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மேகங்கள் வந்து மோதுவது எங்கள் மலைகளில்தான். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியிலுள்ள வட்டவளை, இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. கொழும்பிலிருக்கும் என் சாச்சி வீட்டில் காலையில் தோய்த்த உடுப்பு பகல் சாப்பாட்டுக்கு முன் காய்ந்துவிடும். இங்கே திங்கட்கிழமை கொடியில் போட்டதைப் புதன்கிழமை தொட்டுப் பார்த்தாலும், அது ஈரமா அல்லது வெறும் குளிரா என்று விரலுக்குத் தெரியாது. மலைநாட்டில் பிறந்த எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் பழக்கம். உம்மா கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார்.

பெண்கள் சஞ்சிகைகளில் ‘அயன் பண்ணாமல் தப்பிக்கச் சில வழிகள்’ என்று அடிக்கடி எழுதுகிறார்கள். எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல் வரியில் வெயில் வந்துவிடுகிறது. நல்ல வெயிலில் உதறிப் போடுங்கள், காற்றாடக் காய விடுங்கள் என்கிறார்கள். எழுதியவரை ஆனி மாதத்தில் ஒரு வாரம் மஸ்கெலியாவில் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

ஹட்டனில் நான் போகும் தனியார் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி நோர்வூட் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வருகிறாள். அவள் வேறொரு பாடசாலை மாணவி. வாரத்தில் எத்தனை நாள் அயன் பண்ணுவீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். “மழ நாள்ல அஞ்சு நாளுந்தான். நாங்க சுருக்கத்துக்கா அயன் பண்றோம்? காயறதுக்குடி” என்றாள்.

அந்த ஒரு பதிலில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. அவளிடம் இருப்பது இரண்டு சோடிச் சீருடை. அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வர மாலையாகிவிடும். அதற்குள் இவள் பீலியில் சட்டையைத் தோய்த்து, காம்பராவுக்குள் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் போடுவாள். அடுப்புக்குக் கிட்ட என்றால் புகை வாடை ஏறும். தள்ளி என்றால் காயாது. அதிகாலை எழுந்து, இன்னும் ஈரமாகவே இருக்கும் சட்டையின் மேல் அயன் பெட்டியை வைத்தால் புஸ்ஸென்று ஆவி எழும். ஆவி அடங்கும்வரை தேய்ப்பாள். கழுத்துப் பட்டியும் இடுப்புத் தையலும் அப்போதும் காய்வதில்லை. மிச்சத்தை உடம்புச் சூடு காயவைக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளில் பச்சைக் கொழுந்து சரியாக வாடாது. ஆகவே வாட்டும் தொட்டிகளுக்கு அடியில் மின்விசிறியால் செலுத்தும் காற்றோடு வெப்பக் காற்றையும் கலந்து அனுப்புவார்கள். இலையின் ஈரத்தைப் போக்க இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. அந்த இலையைப் பறித்தவரின் மகளுடைய சட்டைக்கு இருப்பது ஓர் அயன் பெட்டி மட்டும்.

அது ஆபத்தில்லாததும் அல்ல. ஈரத் துணி, ஈரக் கை, சீமெந்துத் தரையில் வெறுங்கால், பழைய மின்கம்பி எல்லாம் அரைத் தூக்கத்தில் ஒன்றுசேர்கின்றன. லயங்களில் மின்னொழுக்கால் தீப்பற்றியது என்ற செய்தியை நாம் எத்தனை முறை வாசித்திருக்கிறோம்!

செலவையும் கணக்குப் பார்க்கலாம். 1,000 வாற்று அயன் பெட்டி ஒரு மணித்தியாலம் தொடர்ந்து சூடேறினால் ஓர் அலகு மின்சாரம். ஈரம் காய்வதற்காகத் தினமும் அரை மணித்தியாலம் வேலை செய்தால், 20 பாடசாலை நாட்களுக்கு 10 அலகுகள். பத்துத்தானே என்று தோன்றும். ஆனால் எமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடிவிடுகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் வீடொன்றை அந்தப் பத்து அலகு மறுபக்கம் தள்ளிவிடும். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் ஏறியதை எந்த வீடும் மறந்திருக்காது. பிறகு குறைந்தது, மறுபடி கூடியது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சட்டையைக் காயவிடாத அதே மழைதான் காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களை நிரப்பி நாட்டுக்கு மின்சாரம் தருகிறது.

2022இல் நாங்கள் அனுபவித்த மின்வெட்டு ஞாபகமிருக்கும். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்சாரமில்லை. அந்த நாட்களில் உம்மம்மாவின் பித்தளைக் கரிப்பெட்டி பரணிலிருந்து இறங்கியது. சிரட்டைக் கரியை ஊதிச் சிவக்க வைத்து மூடினால் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் கையை இறக்கிவிடும் பாரம். மேலும், வெள்ளை பர்தாவில் ஒரு சாம்பல் பொட்டு விழுந்தால் மறுபடி தோய்க்க வேண்டும். அந்த வருடம் பெரியவர்களின் உடையைப் பற்றியும் பேச்சு எழுந்தது. நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை அணியாமல் வேறு கண்ணியமான உடையில் பாடசாலைக்கு வந்தார்கள். சேலையின் விலையையும் பஸ் பயணத்தையும் நாடே விவாதித்தது. மாணவிகளின் சீருடை மடிப்பைப் பற்றி யாரும் விவாதித்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தியாவிலிருந்து ஓர் எதிர் உதாரணம். 2024 மே மாதத்தில் திங்கட்கிழமைகளில் அயன் பண்ணாத உடை அணியும் இயக்கமொன்று அங்கே பேசப்பட்டது. ‘சுருக்கங்கள் நல்லவை’ என்பது அதன் பெயர். பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் சேத்தன் சிங் சோலங்கி அதன் பின்னால் இருந்தார். இந்திய அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் பெண் தலைமை இயக்குநர் கலைச்செல்வி அதில் இணைவதாகச் சொன்னார். அவர் அம்பாசமுத்திரத்துக்காரர், தமிழ் மொழி மூலம் பாடசாலைக் கல்வி கற்றவர் என்பதில் எனக்கொரு தனிச் சந்தோஷம். ஒரு சோடி உடையை அயன் பண்ணுவதால் ஏறக்குறைய 200 கிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது என்பது அவர்களது கணக்கு.

நல்ல முயற்சிதான். ஆனால் விஞ்ஞானி ஒருவர் சுருங்கிய சட்டையோடு வந்தால் அது கொள்கை. தோட்டத்துப் பிள்ளை சுருங்கிய சட்டையோடு வந்தால் அது ‘வீட்டில் கவனிப்பில்லை’. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்தில், மகளைக் கத்தி மடிப்போடு அனுப்புவது அம்மாவின் பதில். என் வாப்பாவின் துணிக்கடைக்கு வரும் தோட்டத்து அம்மாமார் சீருடைத் துணியை உள்ளங்கையில் கசக்கி, விரித்து, அது எப்படி மீள்கிறது என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்தக் கவனத்தைப் பார்த்தவள் நான். அவர்களிடம் போய் ‘அயன் பண்ணாதீர்கள், பூமிக்கு நல்லது’ என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. பரிசோதிக்கும் பக்கம்தான் முதலில் மாற வேண்டும்.

அயன் பண்ணுவதை ஒரேயடியாகக் கைவிட்டால், அதைத் தொழிலாகச் செய்பவர்களின் கதி என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தெருமுனை இஸ்திரி வண்டிகளை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் அவர்களுடைய கரியை மாற்றுவதற்காகச் சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசியபோது அவர் எம்மைவிடச் சின்னவர். எங்கள் மலையில் இஸ்திரி வண்டியும் இல்லை, சூரியனும் பாதி நாள் இல்லை. ஆகவே அது எமக்குப் பெருமைப்படும் செய்தி மட்டுமே.

எமக்கு உண்மையில் உதவுவது கொஞ்சம் இரசாயனவியல். பருத்தி செலுலோசால் ஆனது. அதன் நீண்ட சங்கிலிகளை ஐதரசன் பிணைப்புகள் பிடித்துவைத்திருக்கின்றன. நீர் புகும்போது அவை விடுபடும். துணி உலரும்போது எந்த நிலையில் கிடக்கிறதோ அந்த நிலையிலேயே மறுபடி பிணையும். அதாவது சுருக்கம் நிலைப்பது உலரும் நேரத்தில். ஆகவே சட்டையை முறுக்கிப் பிழியாமல், காய்ந்த துவாய்க்குள் சுருட்டி அமுக்கி நீரை எடுங்கள். இரண்டு முறை உதறி, கொடியில் மடித்துப் போடாமல் ஹேங்கரில் மாட்டி, கழுத்தையும் கையையும் ஈரத்திலேயே விரலால் நீவிவிடுங்கள். பர்தாவை நான்காக மடித்துப் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் வைத்துத் தூங்கினால் காலையில் தேய்க்கவே வேண்டியதில்லை. ஆனால் அது முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். பொலியெஸ்டர் கலந்த துணி குறைவாகவே நீர் குடிக்கும், சீக்கிரம் காயும். 1950களில் அமெரிக்க விஞ்ஞானி ரூத் பெனெரிட்டோ பருத்திச் சங்கிலிகளுக்கிடையே வேறு பிணைப்புகளை ஏற்படுத்தி, தோய்த்து அப்படியே உடுத்தும் பருத்தியை உருவாக்க வழிசெய்தார். கோடிக்கணக்கான பெண்களுக்கு மணித்தியாலங்களை மீட்டுக் கொடுத்த இவர் பெயர் எமது பாடப்புத்தகத்தில் ஏன் இல்லை என்று யோசிக்கிறேன்.

பெண்களுக்கு என்று சொன்னது தற்செயல் அல்ல. போன வாரம் எங்கள் வீட்டில் அயன் பண்ணப்பட்டவற்றை எண்ணிப் பார்த்தேன்: வாப்பாவின் சட்டைகள், நானாவின் சட்டைகளும் காற்சட்டைகளும், தம்பியின் சீருடை, என் சீருடை, ராத்தாவின் இரண்டு உடுப்புகள். மொத்தம் 31. இதில் அயன் பெட்டியின் பிடியை வாப்பாவோ நானாவோ தம்பியோ தொட்டது ஒரு முறைகூட இல்லை. தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, அவனிடம் யாரும் கேட்கவில்லை. நானாவிடம் கேட்டேன். “சட்டையை எரிச்சிப்போடுவன், பரவாயில்லையா?” என்றார். பொறியியல் படிக்கப் போகிறவர் அவர்.

தொழுகைக்கு எமது உடையில் கேட்கப்படுவது சுத்தமும் மறைக்க வேண்டியதை மறைத்திருப்பதும். மடிப்புக் கலையாமை அந்த நிபந்தனைகளில் இல்லை. படைத்தவன் முன் நிற்கப் போதுமான உடை, முதலாம் பாடவேளைக்கு ஏன் போதாமல் போகிறது?

மாணவத் தலைவியரில் நானும் ஒருத்தி. காலையில் வாசலில் நிற்கும் முறை எனக்கும் வரும். கையில் தரும் தாளில் நகம், சப்பாத்து, தலைமுடி என்ற வரிசையில் ‘சுருக்கம்’ என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நான் வெறுமையாகவே விடுகிறேன். சில பாடசாலைகளில் இதே காரணத்துக்காகப் பிள்ளைகளைக் கூட்டம் முடியும்வரை தனியே நிறுத்துவதாகக் கேள்விப்படுகிறேன். நடுங்கும் குளிரில், முதுகில் ஈரச் சட்டையோடு.

இதை எடுத்துவிட்டால் ஒழுங்கு குலைந்துவிடும் என்று ஓர் ஆசிரியை என்னிடம் சொன்னார். மரியாதையோடு மறுக்கிறேன். நேரத்துக்கு வருவதும் தோய்த்து உடுத்துவதும் பிள்ளையின் கையில் இருப்பவை. ஈரக் காற்று யார் கையிலும் இல்லை. நான் கேட்பது இரண்டுதான். மே முதல் செப்டெம்பர் வரை அந்தத் தாளில் ‘சுருக்கம்’ வேண்டாம். மனைப்பொருளியல் கூடத்தில் இருக்கும் அயன் பெட்டியையும் மேசையையும் முதல் மணிக்கு முன் அரை மணித்தியாலம் திறந்துவைத்தால், தேவைப்படுபவர் கூச்சமின்றிப் பயன்படுத்துவர். அங்கே தரையாவது காய்ந்திருக்கும். அடுத்த மாணவத் தலைவியர் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கவிருக்கிறேன். கையொப்பமிட விரும்பும் தோழியர் இடைவேளையில் நூலகத்தில் என்னைச் சந்திக்கலாம்.