தாஹான் சிகரத்துக்கு மேலே படி இல்லை

மாணவர்களே, ஆயர் ஈத்தாம் அடிவாரத்தில் வியர்க்க வியர்க்க மலை ரயிலில் ஏறுகிறீர்கள். சில நிமிடங்களில் கொடிமலையில் இறங்கும்போது உடம்பு சில்லென்று ஆகிறது. ஏன்? மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. காற்று விரிந்து குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். பினாங்குத் தீவின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். ஆகவே அங்கே கடற்கரையைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ச்சி.

இதே கணக்கைத் தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தாஹானுக்குப் போட்டுப் பாருங்கள். உயரம் 2,187 மீட்டர்; வித்தியாசம் 13 டிகிரி. தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் அடர்காட்டுக்குள் இருக்கும் அந்த உச்சிக்குச் சாலை கிடையாது. ஏறி இறங்கப் பல நாள் நடக்க வேண்டும். அந்தக் குளிரை நம்பி வாழும் உயிர்கள் பல. தாஹானின் பெயரையே தாங்கிய ‘லிவிஸ்தோனா தாஹானென்சிஸ்’ என்ற விசிறிப்பனை அந்த மலைக்கே உரியது.

‘யாரும் எளிதில் போக முடியாத இடம், அதனால் பத்திரம்’ என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனிதர் மலையேற அனுமதி வாங்க வேண்டும். வெப்பத்துக்கு அனுமதி தேவையில்லை.

உலகின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1 டிகிரிக்கும் மேல் உயர்ந்துவிட்டது. ஓர் உயிரினம் பழைய குளிரையே தேடினால், 1 டிகிரிக்குச் சுமார் 165 மீட்டர் மேலே நகர வேண்டும். மலை கூம்பு போன்றது. மேலே போகப் போக இடம் சுருங்கும். உச்சியில் இருப்பவை எங்கே போகும்? பெரு நாட்டின் ஒரு மலையில் 1985-இல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-இல் அதே இடங்களில் மீண்டும் தேடியபோது, உச்சியில் வாழ்ந்த சில இனங்களைக் காணவில்லை.

‘இது உலகப் பிரச்சினை, நம்மால் என்ன முடியும்?’ என்று கேட்பீர்கள். உச்சியை உயர்த்த நம்மால் முடியாதுதான். ஆனால் கீழ்ப்படிகள் நம் கையில் இருக்கின்றன. தாழ்நிலக் காட்டு உயிர்களும் மேலே நகர வேண்டியிருக்கும். அடிவாரத்திலிருந்து உச்சிவரை காடு அறுபடாமல் இருந்தால்தான் அவற்றுக்கு வழி. சரிவின் நடுவே காட்டை வெட்டினால், மாடிப்படியின் நடுப்படிகளைப் பெயர்த்தது போலாகும். ஆகவே சிகரத்தை மட்டும் காப்பது போதாது. அதன் காலடியையும் சேர்த்துக் காக்க வேண்டும். நம் கொடிமலைக்கும் இது பொருந்தும். பினாங்கில் 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை ‘மலைநிலம்’ என்று வகுத்திருப்பது வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் அஞ்சி மட்டுமே என்று எண்ணாதீர்கள். அது உயிர்கள் ஏறும் படிக்கட்டும்கூட.

அடுத்த முறை கொடிமலைக்குப் போகும்போது ஒரு வெப்பமானியைக் கொண்டு செல்லுங்கள். அடிவாரத்திலும் உச்சியிலும் நிழலில் வைத்து அளந்து, தேதியோடும் நேரத்தோடும் குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் உங்கள் பள்ளி இதைச் செய்தால், பின்னால் வரும் மாணவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஏடு இருக்கும்.