திரையில் தெரியும் இலக்கம் சாட்சியாகாது

திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டு வந்தாலும், அதன் ஆவணங்களைப் பரிசீலிக்காமல் எவரும் அதனை இறங்குதுறையில் கட்ட அனுமதிப்பதில்லை. ஆனால் அதே நகரத்திலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டைப் பகுதிகளிலும் உள்ள வீடுகளுக்குள் கையடக்கத் தொலைபேசி வழியாக நுழையும் மோசடிக் குரல்கள் எந்தப் பரிசோதனையுமின்றியே வந்து சேருகின்றன.

வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி இரகசிய இலக்கத்தைக் கேட்பது, பரிசு விழுந்திருப்பதாக ஆசை காட்டுவது, வெளிநாட்டுப் பொதி சுங்கத்தில் தேங்கிக் கிடப்பதாகச் சொல்லிக் கட்டணம் அறவிடுவது என இம்மோசடிகள் பல வகைப்படும். வளைகுடா நாடுகளில் உழைக்கும் உறவினர் அனுப்பும் பணத்தை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த பிரதேசம் இது. வெளிநாட்டிலிருந்து பொதி வந்திருக்கிறது என்ற சொல்லை இங்குள்ள ஒரு தாய் இலகுவில் நம்பிவிடுவதில் வியப்பேதுமில்லை. அதனை அறியாமை என்று எள்ளி நகையாடுவது எவ்வகையிலும் நியாயமாகாது.

திரையில் தோன்றும் இலக்கமே அழைப்பவரின் அடையாளம் என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது அழைப்பு புறப்படும் இடத்திலிருந்து அனுப்பப்படும் ஒரு தகவல் மாத்திரமே. கடித உறையின் பின்புறத்தில் எவரும் எந்த முகவரியையும் எழுதிவிடலாம் என்பதைப் போல, இணையவழி அழைப்பு வசதிகளைத் துஷ்பிரயோகம் செய்வோர் தாம் விரும்பிய இலக்கத்தைத் திரையில் தோன்றச் செய்கின்றனர். வேறு சிலர் பெருந்தொகையான சிம் அட்டைகள் பொருத்திய கருவிகளின் ஊடாக வெளிநாட்டு அழைப்பை உள்நாட்டு அழைப்பாக மாற்றிவிடுகின்றனர்.

இதனால் எழும் இன்னொரு ஆபத்தை நாம் கவனிக்கத் தவறிவிடுகிறோம். ஏமாற்றப்பட்டவர் ஆத்திரத்தில் அந்த இலக்கத்தை மீண்டும் அழைத்து ஏசுவதும், முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் கள்வனின் இலக்கம் என்று பரப்புவதும் வழமையாகிவிட்டன. மறுமுனையில் இருப்பவரோ எதுவுமறியாத ஒரு வியாபாரியாகவோ பாடசாலை ஆசிரியையாகவோ இருக்கலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இம்மாவட்டம் வதந்திகளால் விளையும் துன்பங்களை நன்கறியும். ஓர் இலக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயரை வைத்து ஒரு சமூகத்தையே சந்தேகிக்கும் நிலை உருவானால், அது பணத்தை இழப்பதைவிடப் பாரிய இழப்பாகும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற மூத்தோர் வாக்கு தொலைபேசிக்கும் பொருந்தும்.

எனினும், தீர விசாரிப்பது தனிமனிதரால் ஆகக்கூடிய காரியமல்ல. அழைப்பு எந்த வலையமைப்பிலிருந்து, எவ்வழியாக, எந்நேரத்தில் நுழைந்தது என்ற விபரம் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுகளிலேயே உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு அழைப்பைக் கையளித்த முந்திய நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்க, சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துச் செல்வதே தடமறியும் வழியாகும். அச்சங்கிலி கடல் கடந்துவிட்டால் பிறநாட்டு ஒத்துழைப்பும் தேவைப்படும். பல சந்தர்ப்பங்களில் அழைத்த இலக்கத்தை விட, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கே உறுதியான தடயமாகின்றது. ஆகையால் தாமதமின்றி வங்கிக்கு அறிவிப்பது அவசியம்.

இது சில்லறைக் கள்வர்களின் வேலையுமல்ல. 2024 ஜூன் மாதத்தில் நீர்கொழும்பு, மடிவெல, பத்தரமுல்லை ஆகிய இடங்களில் இணையவழி நிதி மோசடி தொடர்பில் 137 இந்தியப் பிரஜைகள் கைது செய்யப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் கைதான சீனப் பிரஜைகளின் தொகை 200 ஐத் தாண்டியது. மறுபுறத்தில், வேலைவாய்ப்பு என நம்பிச் சென்ற எமது நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடி மோசடி முகாம்களில் சிக்கித் தவித்ததையும் நாம் கண்டோம். பேசும் குரல் சில வேளைகளில் ஓர் அடிமையின் குரலாகவும் இருக்கக்கூடும்.

ஏனைய நாடுகள் வாயிலிலேயே காவல் வைத்துள்ளன. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் முன்னால் கூட்டல் குறி தோன்றும் முறையைச் சிங்கப்பூர் 2020 ஏப்ரலில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் அழைப்பவரின் இலக்கத்தை இலத்திரனியல் முறையில் உறுதிப்படுத்துவது 2021 ஜூன் இறுதியிலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் 2024 ஒக்டோபரில் அறிமுகமான முறைமை, வெளிநாட்டிலிருந்து இந்திய இலக்கம் போல வேடமிட்டு வந்த ஒரு கோடியே 35 இலட்சம் அழைப்புகளை 24 மணித்தியாலங்களில் தடுத்ததாக அந்நாட்டு அரசு அறிவித்தது.

இலங்கையில் சட்டங்களுக்குக் குறைவில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் உண்டு. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க தொலைத்தொடர்புகள் சட்டம் உண்டு. உள்நாட்டு இலக்கத்தைக் காட்டிக்கொண்டு வெளிநாட்டு வாயில் வழியாக நுழையும் அழைப்புகளில் எத்தனை தடுக்கப்படுகின்றன என்பதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு காலத்துக்குக் காலம் பகிரங்கப்படுத்த வேண்டும். முறைப்பாடுகளை ஏற்கும் பொறுப்பை ஒரு நிறுவனம் இன்னொன்றின் மீது தட்டிக்கழிக்க இடமளிக்கலாகாது.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயின், மூதூரில் பணத்தை இழந்த ஒருவர் கொழும்புக்கு அலையாமல், தமக்குத் தெரிந்த மொழியில் தமது பொலிஸ் நிலையத்திலேயே முறைப்பாட்டைப் பதிந்து, அதன் பிரதியையும் பெற்றுக்கொள்ள வழியிருக்க வேண்டும். மொழி புரியாத மேசையில் கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் மோசடிக்காரனுக்கே இலாபம்.

பொதுமக்களும் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லக்கூடாது. சந்தேகம் எழுந்தால் அழைப்பைத் துண்டித்து, வங்கி அட்டையில் அச்சிடப்பட்டுள்ள இலக்கத்தை நாமே அழைக்க வேண்டும். அழைப்பு வந்த திகதி, நேரம், பணம் அனுப்பிய கணக்கு ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏமாந்ததை வெட்கமென எண்ணி மறைத்தலாகாது. ஒருவர் வாய் திறந்தால் அயலவர் பத்துப் பேர் தப்புவர். அவர் மௌனம் காத்தால் அதே குரல் நாளை அடுத்த வீட்டுக்கும் அழைப்பெடுக்கும்.