எரியாத பல்பு

ஆயுத பூஜையன்று திருத்தணியில் சக்கரம் வைத்த எந்த வஸ்துவும் தப்பாது. டூவீலர், ஷேர் ஆட்டோ, கரும்பு ஜூஸ் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ‘இந்த வருஷம் நடுரோட்டில் கழுத்தறுக்காதே’ என்பதுதான் வேண்டுதலின் சாராம்சம்.

2024-ல் ஆயுத பூஜை அக்டோபர் 11. அன்றைக்குப் பார்த்து ஒரு மெஷின் நடுவானில் மக்கர் செய்தது. சாயங்காலம் 5.40 வாக்கில் 141 பேருடன் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துக்கு ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே வட்டம். கீழே ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிகள். டி.வி.யில் நேரலை. எட்டேகால் வாக்கில், ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து இறங்கியது.

அடுத்த திங்கட்கிழமை சென்னை போகும் மின்சார ரயிலில் இதே பேச்சுதான்.

“இன்னா சார் இது, ரிப்பேர்னு தெரிஞ்சா உடனே இறக்க வேண்டியதுதானே?” என்றார் ஓர் இளைஞர்.

எதிர் சீட்டுப் பெரியவர் பேப்பரை மடித்தார். “இறங்கத் தெரிஞ்சவன்தாம்பா சுத்துவான்.”

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு. ஷார்ஜா வரைக்குமான எரிபொருள் டாங்க்கில் இருக்கிறது. 737-800 ரக விமானம் கிளம்பும்போது சுமார் 79 டன் வரை இருக்கலாம். இறங்கும்போது சுமார் 66 டன்தான் அனுமதி. நடுவானில் எரிபொருளைக் கொட்டும் வசதி 737-க்குக் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். கனத்தோடு இறங்கினால் வேகம் அதிகம், பிரேக்குக்கு வேலை அதிகம். பிரேக்கும் ஹைட்ராலிக் தயவில்தான் ஓடுகிறது!

விமானத்துக்குள் தீ என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டார்கள். உடனே தரையைத் தேடுவார்கள். ஆகவே, ‘நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?’ என்பதுதான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. 737-ல் ஹைட்ராலிக் ஏற்பாடு ஒன்றல்ல, மூன்று. இரண்டு முக்கியம், ஒன்று ஸ்டாண்ட்பை. அதுவும் போதாதென்று, சக்கரத்தைக் கீழே விட காக்பிட்டில் கைப்பிடிகள் உண்டு. இழுத்தால் சக்கரம் சொந்தக் கனத்தில் தொப்பென்று இறங்கிப் பூட்டிக்கொள்ளும். வீட்டில் மோட்டார் ரிப்பேரானால் கிணற்றில் வாளி விடுவது போல.

ஆனால் கைப்பிடி, பம்ப்பு எல்லாம் இரண்டாம்பட்சம். முதல் விதி இதுதான்: இருவரில் ஒருவர் விமானத்தை ஓட்டுவார், ஓட்டுவது மட்டுமே அவர் வேலை. இன்னொருவர் புத்தகத்தைப் பிரித்து, செக்லிஸ்ட்டை உரக்க, வரி வரியாக வாசித்துச் செய்வார். ஒரு சில அவசரங்களைத் தவிர, ‘எனக்கு மனப்பாடம்’ என்ற ஜம்பம் அங்கே செல்லாது.

இதென்ன பிரமாத விதி என்கிறீர்களா? இதற்குக் கொடுத்த விலையைக் கேளுங்கள்.

1972 டிசம்பர் 29, ராத்திரி. அமெரிக்காவில் மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401-ல் மூக்குச் சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கவில்லையா, பல்புதான் போச்சா? இரண்டாயிரம் அடியில் ஆட்டோ பைலட்டைப் போட்டுவிட்டு, காக்பிட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த விளக்கையே ஆராய்ந்தார்கள். இதற்கிடையில் ஆட்டோ பைலட் உயரத்தைப் பிடித்துவைப்பதை விட்டுவிட்டது. விமானம் மெல்ல மெல்ல இறங்கியது. எச்சரிக்கை மணி அடித்தது. யார் காதிலும் விழவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் மோதி, 176 பேரில் சுமார் நூறு பேர் போனார்கள். பிறகு பார்த்தால், சக்கரம் சமர்த்தாகக் கீழேதான் இறங்கியிருந்தது. போனது பல்பு!

ஆறு வருஷம் கழித்து, 1978 டிசம்பர் 28. போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173. இதிலும் சக்கரப் பிரச்னைதான். கேப்டன் பொறுமையாக, ஒரு மணி நேரம் வட்டமடித்து ஏற்பாடுகள் செய்தார். எரிபொருள் குறைகிறது என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் மேலதிகாரியிடம் சொல்கிற மாதிரி, மென்று விழுங்கிச் சொன்னார்கள். என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பத்துப் பேர் இறந்தார்கள்.

ஆக, வட்டமடிப்பதில் மட்டும் சூட்சுமம் இல்லை. எப்போது நிறுத்துவது என்று ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதை உரக்கச் சொல்ல அவருக்குத் தைரியம் வேண்டும். கேட்க கேப்டனுக்குக் காது வேண்டும். இந்த விபத்துகளுக்குப் பிறகுதான் இதற்கென்றே பயிற்சி பிறந்தது. இன்று உலகம் முழுக்க விமான ஊழியர்களுக்கு அது கட்டாயப் பாடம்.

நம் ஆபீஸ்களுக்கு இந்தப் பாடம் இன்னும் வந்து சேரவில்லை. பிரின்டர் மக்கர் செய்தால் மானேஜர் முதல் வாட்ச்மேன் வரை அதைச் சுற்றி நின்று யோசனை சொல்கிறோம். கவுண்டரில் கஸ்டமர் காய்கிறார், போன் அடித்து ஓய்கிறது. யாராவது ஒருத்தர் மட்டும் ஆபீஸை ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாதா?

அப்புறம், கடைசி மேஜையில் புதிதாகச் சேர்ந்த பையன், “சார், ஒரு நிமிஷம்…” என்று இழுத்தால் பேச்சை வெட்டாதீர்கள். முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். டாங்க் காலியாகிற விஷயமாக இருக்கலாம்.